வேண்டுமென்றே பழுதாக்கினார்கள்!

கல்யாண வீட்டில் இரண்டு வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர், பந்தல் எத்தனை அகலம், நாதஸ்வரம் யார், சாப்பாட்டில் எத்தனை தினுசு என்று கணக்குச் சொல்லிப் பூரித்துப்போவார். இன்னொருவர் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, "மழை பிடித்துக்கொண்டால் இலையை எங்கே போடுவது? பரிமாறுகிறவர்களில் இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டால்? முகூர்த்த நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டால்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "இவர் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராதா!" என்று எல்லோருக்கும் அவர்மேல் எரிச்சல். ஆனால் மழை வந்த அன்று வீடே தேடுவது அவரைத்தான்.

மோட்டார்ப் பந்தயத்தில் இந்த மூலை மனிதருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அங்கேதான், நேயர்களே, அவருக்கு முதல் நாற்காலி! இந்தப் பேருண்மையைக் கற்றுக்கொள்ள உலகத்தின் மிகப் பெரிய மோட்டார்க் கம்பெனிகளில் ஒன்றுக்குப் பல கோடிப் பணமும், முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட காலமும், இரண்டு பெரிய அழுகைகளும் தேவைப்பட்டன. அந்தக் கம்பெனி ஜப்பானின் டொயோட்டா. கற்றுக்கொண்ட பாடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் 2018-ம் வருஷப் பந்தயங்களுக்கு எப்படித் தயாரானார்கள் என்பதுதான் இந்தக் கதை.

வேகமா, அச்சாணியா?

பிரான்ஸ் தேசத்தில், பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் லெ மான் என்று ஓர் ஊர். 1923-ல் தொடங்கி, யுத்தம் போன்ற இடையூறுகள் வந்த வருஷங்கள் நீங்கலாக, அங்கே ஒரு கார்ப் பந்தயம் நடந்துவருகிறது. மற்றப் பந்தயங்களில், "இவ்வளவு தூரத்தை யார் முதலில் கடக்கிறார்?" என்று பார்ப்பார்கள். லெ மானில் கேள்வியே வேறு: "24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறார்?"

சனிக்கிழமை பிற்பகல் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை ஓயாத ஓட்டம். ஒரு சுற்று பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற சாதாரணச் சாலை. சுமார் அறுபது கார்கள் ஓடும். எல்லாம் ஒரே வேகமா என்றால், அதுவும் இல்லை. மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டும் முதல் தரக் காரும், அதைவிட வெகு மெதுவாகப் போகும் மூன்றாம் தரக் காரும் ஒரே பாதையில், ஒரே இருட்டில், ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டே போகவேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் மூன்று ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் சாப்பிடலாம், தூங்கலாம், தூக்கம் வந்தால்! எந்த ஓட்டுநரும் மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. எந்த ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் நான்கு மணிக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன காலத்தில் பெரியவர்கள் புறப்படுவதற்கு முன் என்ன செய்வார்கள்? மாட்டின் வேகத்தையா பார்ப்பார்கள்? குனிந்து அச்சாணியைத்தான் பார்ப்பார்கள். லெ மான் பந்தயம் அச்சாணியைப் பார்க்கிறவர்களுடைய பந்தயம்.

மூன்று நிமிஷம்!

டொயோட்டா முதன் முதலில் லெ மானுக்குப் போனது 1985-ல். அதன் பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் ஜோசியரைக் கூப்பிடச் சொல்வீர்கள்.

1994-ல் டொயோட்டா கார் முன்னணியில் போய்க்கொண்டிருந்தது. முடிய ஒன்றரை மணி நேரம்தான் பாக்கி. கியர் மாற்றும் இணைப்பு முறிந்தது. ஓட்டுநர் இறங்கி, பின்னால் போய், கையாலேயே ஒரு கியரில் தள்ளிவிட்டு, ஊர்ந்துகொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். பலன், இரண்டாவது இடம். 1999-ல் முதலில் போன பி.எம்.டபிள்யூ. காரை விரட்டிப் பிடிக்கும் சமயத்தில் டயர் வெடித்தது. மறுபடியும் இரண்டாவது. 2014-ல் ஜப்பானிய ஓட்டுநர் கஸுகி நகாஜிமா முன்னணியில் இருந்தார். விடியும் வேளையில் மின்சாரக் கம்பிகள் உருகிக் கார் பாதையிலேயே நின்றுபோயிற்று.

இவையெல்லாம் ஒரு தட்டு. 2016 மறு தட்டு.

அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இருபத்து மூன்றேமுக்கால் மணி நேரம் ஓடியாகிவிட்டது. டொயோட்டாவின் 5-ம் நம்பர் கார் முதலிடம். ஓட்டுபவர் அதே நகாஜிமா. அவருடைய கூட்டாளிகள் பிரிட்டனின் ஆண்டனி டேவிட்ஸனும் ஸ்விட்ஸர்லாந்தின் ஸெபாஸ்தியான் பூமியும் கொட்டகையில் காத்திருக்கிறார்கள். வெற்றிக்கு வேண்டிய கண்ணீரைக் கூடப் பலர் தயாராக வைத்துக்கொண்டுவிட்டார்கள். அப்போது ரேடியோவில் நகாஜிமாவின் குரல் கேட்டது: சக்தி போய்விட்டது, காரில் சக்தி இல்லை!

கார் தடுமாறித் தடுமாறி வந்து, முடிவுக் கோட்டருகே, தன் கொட்டகைக்கு எதிரிலேயே நின்றது. பாக்கி இருந்தது சுமார் மூன்று நிமிஷம். பின்னால் வந்த போர்ஷே கார் அதைத் தாண்டிக்கொண்டு போய் ஜெயித்தது.

நகாஜிமா காரை மீண்டும் கிளப்பி எப்படியோ கடைசிச் சுற்றை முடித்தார். அதற்கு 11 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிச் சுற்றை ஆறு நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். எனவே, 24 மணி நேரம் ஓடி, மூன்று நிமிஷம் முன்வரை முதலிடத்தில் இருந்த காருக்கு முடிவுப் பட்டியலில் இரண்டாவது இடம் மட்டுமல்ல, எந்த இடமுமே கிடைக்கவில்லை!

காரணம் என்ன தெரியுமா? எஞ்சின் வெடிக்கவில்லை. சக்கரம் கழலவில்லை. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் டர்போ என்ற சாதனத்துக்கும், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு குழாய். அந்தக் குழாயின் இணைப்பில் ஒரு கோளாறு. அவ்வளவுதான்!

கட்டைவிரல் செய்த வேலை

"சரி, அந்த இணைப்பைக் கெட்டியாகச் செய்துவிட்டால் போயிற்று" என்றுதான் யாருக்கும் தோன்றும். 2017-ல் டொயோட்டா இரண்டுக்குப் பதிலாக மூன்று கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. வேகத்துக்குக் குறைவில்லை. தகுதிச் சுற்றில் காமுய் கொபயாஷி 3 நிமிஷம் 14.791 விநாடியில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை செய்தார். கம்பெனித் தலைவர் அகியோ டொயோடாவே நேரில் வந்திருந்தார்.

நள்ளிரவு தாண்டியது. வேறு ஒரு விபத்துக் காரணமாகக் கார்கள் எல்லாம் மெதுவாகப் போகும்படி உத்தரவாகியிருந்தது. முன்னணியில் இருந்த கொபயாஷி, பணிக்கொட்டகை வரிசையின் வெளிவாயிலில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தார். அப்போது ஆரஞ்சு நிற உடுப்பில் ஒருவர் ஓடிவந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பந்தய அதிகாரி "போகலாம்" என்கிறார் போலும் என்று நினைத்துக் கொபயாஷி கிளம்பினார். "நில், சிவப்பு விளக்கு!" என்று ரேடியோ கத்தியது. நின்றார். மறுபடி கிளம்பினார்.

உண்மையில் அவர் அதிகாரியே அல்ல. வேறொரு கோஷ்டியின் ஓட்டுநர். "சபாஷ், நன்றாக ஓட்டுகிறாய்!" என்று பாராட்ட வந்தவர்! அந்தப் பாராட்டு என்ன செய்தது பாருங்கள். இந்தக் கார்களில் பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டார்களும் உண்டு. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்த்து, வேகம் எடுக்கும்போது திருப்பித் தரும் ஏற்பாடு. கொட்டகையிலிருந்து கிளம்புவது எப்போதும் மின்சாரத்தில்தான். எனவே, நின்ற இடத்திலிருந்து எஞ்சினால் காரை இழுக்கும் பாரத்தைத் தாங்கும்படி கிளட்ச் செய்யப்படவில்லை. அன்று அந்தக் குழப்பத்தில் எஞ்சினைக் கொண்டே கிளம்ப நேர்ந்தது. கிளட்ச் கருகிற்று. சற்று நேரத்தில் அந்தக் கார் பந்தயத்தை விட்டு விலகியது.

அதன் பின் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேறொரு கார் வந்து மோதியதில் டொயோட்டாவின் 9-ம் நம்பர் காரின் பின் டயர் கிழிந்தது. கிழிந்த ரப்பர் சுழன்று சுழன்று அடித்து உள்ளே இருந்த குழாய்களையும் நாசப்படுத்தியது. ஓட்டுநர் அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடப் படாத பாடு பட்டார். வாசலை எட்டுமுன் அது நின்றுவிட்டது. மூன்றாவது கார் முன்பக்க மோட்டார் கெட்டுப்போய் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டக் கொட்டகையிலேயே முடங்கி, எட்டாவதாக வந்தது.

ஜெயித்தது யார்? போர்ஷே. அதுவாவது ஒழுங்காக ஓடிற்றா? இல்லவே இல்லை! வென்ற போர்ஷே காரும் தொடக்கத்திலேயே பழுதாகி ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்தது. பட்டியலின் அடிமட்டத்துக்குப் போன அது, ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து முதலாவதாக முடித்தது. பழுதாகாத கார் ஜெயிக்கவில்லை. பழுதான பிறகும் வீடு வந்து சேரத் தெரிந்த கார் ஜெயித்தது. டொயோட்டாக்காரர்கள் மனத்தில் இந்த உண்மை முள்ளாகத் தைத்தது. பந்தயம் முடிந்ததும் கம்பெனித் தலைவர் தம் ஓட்டுநர்களிடம் வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்.

எதிரி போய்விட்டான்!

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 2017 ஜூலையில் போர்ஷே, அந்த வருஷத்தோடு முதல் தர லெ மான் பந்தயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதற்கு முந்திய வருஷமே ஜெர்மனியின் ஆடி விலகியாயிற்று. ஆகவே 2018-ல் முதல் தரத்தில் மிஞ்சிய ஒரே பெரிய மோட்டார்க் கம்பெனி டொயோட்டா. மற்றவை எல்லாம் சிறிய தனியார் கோஷ்டிகள். மின்சார மோட்டார் இல்லாத கார்கள்.

"அப்புறம் என்ன? வெறும் மைதானத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே?" என்பீர்கள்.

பாருங்கள், அதுதான் தர்மசங்கடம்! ஜெயித்தால் "எதிரி இல்லாத ஊரில் ஜெயித்தான்" என்பார்கள். தோற்றாலோ கேட்கவே வேண்டாம். "எதிரியே இல்லாமலும் தோற்றான்" என்று ஊர் சிரிக்கும். ஜெயித்தாலும் பேச்சு, தோற்றாலும் பேச்சு. இப்படி ஒரு பந்தயத்துக்கு எந்த முகத்தோடு தயார் செய்வது?

அவர்கள் யோசித்தார்கள். 2016-ல் நம்மை வீழ்த்தியது போர்ஷேயா? இல்லை, ஒரு குழாய் இணைப்பு. 2017-ல்? ஒரு கிளட்ச், ஒரு டயர், ஒரு கட்டைவிரல். இந்த எதிரிகள் யாரும் விலகிப் போகவில்லையே! அவர்கள் நம் கொட்டகைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அப்படியானால் அவர்களோடு பந்தயம் ஓடுவோம் என்று தீர்மானித்தார்கள்.

மூன்று சக்கர வாகனம்

டொயோட்டாவின் பந்தயக் கோஷ்டிக்கு இருப்பிடம் ஜெர்மனியின் கொலோன் நகரம். டி.எஸ். 050 என்று பெயரிட்ட அந்தக் காரின் உடல் அங்கே உருவாயிற்று, 2.4 லிட்டர் எஞ்சினும் மின்சார ஏற்பாடுகளும் ஜப்பானின் ஹிகாஷி ஃபுஜி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தன. எஞ்சினின் சக்தி 500 குதிரைகள். மோட்டார்களின் சக்தி இன்னும் 500. ஆயிரம் குதிரை பூட்டிய தேர்! குதிரைகளை அவர்கள் அந்தக் குளிர்காலத்தில் அதிகம் தொடவில்லை. அச்சாணியைத்தான் பார்த்தார்கள்.

சாதாரணமாகப் பந்தய கோஷ்டிகள் ஒத்திகை ஓட்டும்போது, கார் பழுதாகக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். டொயோட்டாக்காரர்கள் தாங்களே பழுதை உண்டாக்கினார்கள்! ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு எஞ்சினீயர்கள் வேண்டுமென்றே கோளாறு வைப்பார்கள். ஓட்டுநர் என்ன செய்கிறார், ரேடியோவில் என்ன சொல்கிறார், கொட்டகையில் இருப்பவர்கள் எத்தனை நேரத்தில் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வைத்தியக் கல்லூரி மாணவனுக்கு நோயாளியைக் காட்டிப் பரீட்சை வைப்பது போலத்தான்.

இதற்கெல்லாம் சிகரம், காரை மூன்று சக்கரத்தில் ஓட்டிப் பார்த்தது. ஆமாம், நேயர்களே! ஆயிரம் குதிரைச் சக்தி கொண்ட காரை, ஒரு சக்கரம் இல்லாத நிலையில், ஒத்திகைப் பாதையில் ஓட்டவைத்தார்கள். எதற்கு? முந்திய வருஷம் கிழிந்த டயரோடு வாசல்வரை வந்து செத்துப்போன அந்த 9-ம் நம்பர் கார் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு சக்கரம் போனபின் எந்த வேகத்தில் வந்தால் மற்ற உறுப்புகள் பிழைக்கும்? எந்தப் பக்கம் இழுக்கும்? மின்சாரம் மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வரலாம்? பந்தயத்து இரவில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. முன்பே செய்து பழகியிருக்கவேண்டும்.

கொட்டகையில் உள்ளவர்களுக்கும் இதே பாடம். டயர் மாற்றுவது, பெட்ரோல் நிரப்புவது, ஓட்டுநர் மாறுவது எல்லாம் ஓயாத ஒத்திகை. ஓட்டுநர் மாறுவதைச் சாமான்யமாக நினைத்துவிடாதீர்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. இருப்பதோ ஒரே ஆசனம். எனவே ஒவ்வொருவரும் தம் உடம்பின் அளவுக்கு வார்த்த மெத்தையைக் கையோடு கொண்டுவருவார். முன்னவர் வெளியே குதிக்கவேண்டும், பின்னவர் அந்தப் பொந்துக்குள் நுழையவேண்டும், வார்ப்பட்டைகளை இறுக்கவேண்டும், ரேடியோக் கம்பியை மாட்டவேண்டும், தண்ணீர்க் குழாயைச் செருகவேண்டும். எல்லாம் விநாடிக் கணக்கு. ஒரு வார்ப்பட்டை முறுக்கிக்கொண்டால் போதும், ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டிச் சேர்த்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

மனித உடம்பும் ஓர் அச்சாணிதான் என்பதற்கு நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனின் அனுபவமே சாட்சி. 2009-ல் அவர் லெ மானில் ஒரு ஆடி காரை ஓட்டத் தேர்வாகியிருந்தார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கொட்டகைச் சுவரைத் தாண்டும்போது தோள்மூட்டு நழுவிவிட்டது. தகுதி பெற்று வந்தவர் ஒரு சுற்றுக்கூட ஓட்ட முடியாமல் போயிற்று. அவருடைய கூட்டாளிகள் இருவர் மட்டுமே மாறி மாறி 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். வேதனையான சங்கதிதான், ஆனால் மூன்றாவது ஆள் இல்லாமலும் முடிக்கத் தெரிந்திருந்ததே, அதுவும் பெரிய காரியம் அல்லவா?

நாற்காலியை விட்டவர்

தயாரிப்பில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. அது யந்திரத்தைப் பற்றியது அல்ல, மனத்தைப் பற்றியது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டு தடவை உலகச் சாம்பியனான ஸ்பெயின் தேசத்து ஃபெர்னாண்டோ அலான்ஸோ டொயோட்டாவுக்கு ஓட்ட முன்வந்தார். 2018 ஜனவரி கடைசியில் அதை அறிவித்தார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் கார்கள் இரண்டுதான், நாற்காலிகள் ஆறுதான். புதியவர் ஒருவர் உட்காரவேண்டுமானால் பழையவர் ஒருவர் எழுந்திருக்கவேண்டும். எழுந்தவர் ஆண்டனி டேவிட்ஸன்.

யார் இந்த டேவிட்ஸன்? 2012-ல் லெ மானில் அவருடைய டொயோட்டா வானத்தில் பறந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்தவர். குணமாகி மறுபடி அதே கோஷ்டிக்கு வந்து 2014-ல் உலகச் சாம்பியன் பட்டத்தில் பங்கு பெற்றவர். 2016-ல் அந்தக் கடைசி மூன்று நிமிஷத்தைக் கொட்டகையில் நின்று பார்த்தவர். வெற்றி கைக்கெட்டும் என்று தோன்றிய வருஷத்தில், அவருக்குக் கிடைத்தது மாற்று ஓட்டுநர், ஒத்திகை ஓட்டுநர் என்ற பதவி. அவர் கோஷ்டியை விட்டுப் போகவில்லை. காரைப் பண்படுத்தும் வேலையில் தொடர்ந்து இருந்தார். பந்தல் போட்டவர் பந்தியில் உட்காராத கதை! முடிவுப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பத்தி இல்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் பட்டியலே இல்லை.

கடுதாசியில் ஒரு பிசகு

2018 ஏப்ரலில் தெற்கு பிரான்ஸில் பால் ரிக்கார் என்ற பந்தயப் பாதையில் எல்லாக் கோஷ்டிகளுக்கும் பொது ஒத்திகை. 30 மணி நேரம் விடாமல் ஓடலாம் என்று ஏற்பாடு. அடுத்த மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் புதுப் பருவத்தின் முதல் பந்தயம். அந்தப் பருவத்தில் ஒரு புதுமையும் உண்டு. 2018 மே மாதம் தொடங்கி 2019 ஜூன் வரை நீண்டு, லெ மான் பந்தயத்தை இரண்டு தடவை தன்னுள் அடக்கிக்கொண்டது அது.

ஸ்பாவில் டொயோட்டாவின் 7-ம் நம்பர் கார் தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகம். ஆனால் அந்தக் காலக்கணக்கு செல்லாது என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். ஏன்? எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அளக்கும் கருவியைப் பற்றிக் கொடுத்த விவரம் பொருந்தவில்லை. மூன்று சக்கரத்தில் ஓட்டப் பழகிய கோஷ்டி, ஒரு கடுதாசியில் வழுக்கி விழுந்தது! தண்டனையாக அந்தக் கார் மற்றவை கிளம்பி ஒரு சுற்றுப் போனபின் கொட்டகையிலிருந்து கிளம்பவேண்டி வந்தது. ஆனாலும் இரண்டாவதாக முடித்தது. முதலாவது, அலான்ஸோ இருந்த 8-ம் நம்பர்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இதிலும் ஒரு பாடம் இருந்தது. எத்தனை கோளாறுகளை எண்ணி வைத்தாலும், எண்ணாத ஒன்று எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

அந்த இரவு

2018 ஜூன் 16. லெ மான். டொயோட்டாவுக்கு இது இருபதாவது முயற்சி. இதற்குள் ஐந்து தடவை இரண்டாவது இடம் வந்தாயிற்று.

போட்டி அவர்களுக்குள்ளேயே நடந்தது. 7-ம் நம்பரில் கொபயாஷி, கான்வே, லோபஸ். 8-ம் நம்பரில் நகாஜிமா, பூமி, அலான்ஸோ. இரவில், மெதுவாகப் போகவேண்டிய பகுதி ஒன்றில் அளவுக்கு மேல் வேகமாகப் போனதற்காகப் பூமிக்கு 60 விநாடி தண்டனை கிடைத்தது. 8-ம் நம்பர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியது. அடுத்து உட்கார்ந்த அலான்ஸோ இருட்டில் சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கடித்துக் கடித்துத் தின்றார். விடிந்த பிறகு நகாஜிமா, தன் சகா கொபயாஷியைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார்.

பிற்பகல். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைக்கும் வேளையில் கொபயாஷி, பெட்ரோலுக்காக உள்ளே திரும்பவேண்டிய சுற்றில் திரும்பாமல் நேரே போய்விட்டார்! தொட்டியில் மிச்சம் கொஞ்சம்தான். பாதையோ பதின்மூன்றரைக் கிலோமீட்டர். ஒத்திகை இல்லாத கோஷ்டியாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அவர் வேகத்தை அடியோடு குறைத்து, கார் ஊர்வது போல ஊர்ந்து, முழுச் சுற்றையும் கடந்து கொட்டகைக்குள் வந்து சேர்ந்தார். தண்டனை விதித்தார்கள், நேரம் போயிற்று, கார் போகவில்லை.

கடைசி மணி நேரத்தில் 8-ம் நம்பர் காரின் ஆசனத்தில் இருந்தவர் யார் தெரியுமா? நகாஜிமா! 2014-ல் இருட்டில் நின்றவர். 2016-ல் முடிவுக் கோட்டருகே நின்றவர். கடைசி மூன்று நிமிஷம் வந்தது. கொட்டகையில் ஒருவரும் மூச்சு விட்டிருக்கமாட்டார்கள். இந்தத் தடவை கார் நிற்கவில்லை.

மொத்தம் 388 சுற்று, 5,286 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய், கிட்டத்தட்டப் பாதி வழி திரும்பி வந்த தூரம், ஒரே நாளில்! இரண்டு சுற்றுப் பின்னால் 7-ம் நம்பர். மூன்றாவதாக வந்த கார் பன்னிரண்டு சுற்றுப் பின்னால். ஜப்பானியக் கார் லெ மானில் ஜெயித்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1991-ல் மாஸ்டா ஜெயித்தபோது அதை ஓட்டிய மூவரில் ஜப்பானியர் எவரும் இல்லை. ஜப்பானியக் காரில் ஜப்பானியர் ஒருவர் ஜெயித்தது 2018-ல்தான்.

பேச்சும் விடையும்

"எதிரி இல்லாத ஊரில் ஜெயித்தார்கள்" என்ற பேச்சு வந்ததா? வந்தது. அதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசலில் பலமான எதிரி நின்றிருந்தால் அந்த வெற்றிக்கு இன்னும் மினுமினுப்பு இருந்திருக்கும். பின்னால், 2023-ல் ஃபெராரி திரும்பி வந்து டொயோட்டாவை இரண்டாவது இடத்துக்குத் தள்ளியது. 2024-லும் 2025-லும் ஃபெராரிக்கே வெற்றி. ஆக, பலமான எதிரி வந்தால் தோல்வியும் வரும் என்பது ருசுவாகிவிட்டது.

ஆனால் இடைப்பட்ட ஐந்து வருஷத்தையும் பாருங்கள். 2018 முதல் 2022 வரை ஐந்து தடவையும் டொயோட்டாதான். அந்த ஐந்தும் சுலபமாக வந்தவை அல்ல. 2019-ல் முதலில் போன 7-ம் நம்பர் காரில் டயரில் காற்று இறங்குகிறது என்று கருவி சொல்லிற்று. எந்த டயர் என்பதைத் தப்பாகக் காட்டியது. நல்ல டயரைக் கழற்றிவிட்டுக் கெட்டதோடு அனுப்பினார்கள். இன்னும் ஒரு மணி நேரமே இருந்தபோது வெற்றி மற்றக் காருக்குப் போயிற்று. 2021-ல் பெட்ரோல் சரியாக வராமல் இரண்டு கார்களும் திணறின. எஞ்சினீயர்கள் காரை நிறுத்தாமலே ஒரு வழி கண்டுபிடித்து, ஓடும் காரிலேயே ஓட்டுநர்கள் அதைச் செய்யும்படி சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு கார்களும் முதலிரண்டு இடங்களில் முடித்தன. இத்தனை தடவை ஏமாந்த 7-ம் நம்பர்க்காரர்களுக்கு அன்றுதான் லெ மானில் முதல் வெற்றி.

கொலோன் நகரத்துக் கொட்டகையில் அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் சம்பாதித்த சொத்து இதுதான். கோளாறு வராத கார் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கோளாறு வந்தபோது கை நடுங்காத மனிதர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தானாகப் பிறப்பதில்லை, பழக்கத்தால் உண்டாகிறார்கள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் மூலையில் உட்கார்ந்து "மழை வந்தால்?" என்று கேட்டாரானால், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, முழுக் கேள்வியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்!